கோவம் வந்தா உங்க பொண்ணு பேசுவாளா?

போன வாரம் ஒரு நிக்காஹ் விருந்து. ஒரு சஹனுக்கு (பெரிய தட்டு) நாலு பேரா சுத்தி உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். எதுத்தாப்புல இருந்த தூரத்துச் சொந்தக்கார அக்கா, எலும்பை ஓரமா ஒதுக்கி வச்சுட்டு கேட்டாங்க:

"ஏம்மா, யாரு எவருன்னே தெரியாத வீட்டுக்கு வயசுப்புள்ளய அனுப்புறீங்களாமே?"

எனக்கு அதுக்கப்புறம் சோறு எறங்கல.

அத்தனை பேர் முன்னாடி பதில் சொல்ல முடியல. அதனால இங்க சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

விஷயம் இதுதான். எங்க பொண்ணுக்குப் பதினாறு வயசு. பிளஸ் ஒன் முடிச்சிருக்கா. மே மாசம் 4 வாரம் ஜெர்மனியில ஒரு குடும்பத்தோட இருக்கப் போறா. ஜூலையில அந்த வீட்டுப் பொண்ணு 4 வாரம் முத்துப்பேட்டையில எங்க வீட்டுல இருக்கப் போறா. ரோட்டரி சங்கத்துல இளைஞர் பரிமாற்றம்னு ஒண்ணு ரொம்ப வருசமா நடக்குது. 15 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் போகலாம். ஒரு படிப்பு வருசம் முழுக்கப் போறதும் உண்டு, இந்த மாதிரி குடும்பத்துக்குக் குடும்பம் கொஞ்ச நாள் மாத்திக்கிறதும் உண்டு. அப்பா அம்மா ரோட்டரியில இருக்கணும்னு கட்டாயமில்ல. நாங்களும் இல்ல. டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் நம்ம செலவு. தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் காசு கிடையாது. அவங்க நம்ம புள்ளய வச்சுக்குறாங்க, நாம அவங்க புள்ளய வச்சுக்குறோம். அவ்வளவுதான்.

அந்த அக்கா கேட்டதுல எனக்கு ஏன் இவ்வளவு வருத்தம்னா, அஞ்சு மாசமா எங்க வீட்டுல நடந்ததே அந்த "யாரு எவரு"ன்னு தெரிஞ்சிக்கிற வேலைதான். அதுல நான் முதல்ல பண்ணுன தப்பையும் சேர்த்தே சொல்லிடுறேன்.

நம்ம பக்கம் ஒரு வீட்டைப் பத்தித் தெரிஞ்சிக்கணும்னா எப்படி? பட்டுக்கோட்டையில மாப்பிள்ளை பாத்தா, அந்தத் தெருவுல வாக்கப்பட்ட நம்ம ஊர்ப் பொண்ணு யாருன்னு தேடுவோம். பள்ளிவாசல்ல ஒரு ஆள், டீக்கடையில ஒரு ஆள். மூணே நாள்ல அந்த வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் சேதி வந்துடும். கோவக்காரரா, கடன் இருக்கா, மாமியா எப்படி, மொத மருமவ ஏன் தனியாப் போனா... எல்லாம்.

எனக்குத் தெரிஞ்ச விசாரணை அது ஒண்ணுதான். அதையே தூக்கிக்கிட்டு வீடியோ கால்ல போய் உக்காந்தேன்.

மூன்ஸ்டர்னு ஒரு ஊர் இருக்கு. சைக்கிளுக்குப் பேர் போன ஊர். அதுக்குப் பக்கத்துல சின்ன ஊர்ல அவங்க இருக்காங்க. மொத நாள் கால்ல அந்தப் பக்கம் மூணு பேர். இந்தப் பக்கம் நானு, மச்சான் (எங்க வீட்டுக்காரரு), எங்க அம்மா, என் தம்பி, தம்பி பொண்டாட்டி, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, புள்ளைங்கன்னு மொத்தம் பதினோரு பேர். ஒரே போன்.

நான் கேட்ட கேள்வியெல்லாம் இப்ப நெனச்சா மனசு சங்கடப்படுது. சொந்த வீடா? என்ன சம்பளம்? பெரியவங்க ஏன் கீழ தனியா சமைக்கிறாங்க? அந்தம்மா ஒவ்வொண்ணுக்கும் யோசிச்சு யோசிச்சு பதில் சொன்னாங்க. சம்பளத்துக்கு மட்டும் சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. அவங்க பொண்ணு வாயே திறக்கல. எங்க பொண்ணும்தான்.

போனை வச்சதும் எங்க பொண்ணு சொன்னா: "அம்மா, நீங்க பேசினது அவங்க வீட்டுக்கு என்னைக் கட்டிக் கொடுக்கப் போற மாதிரி இருந்துச்சு. நான் அங்க நாலு வாரம் இருக்கணும். அதுக்கு எனக்கு என்ன தெரியணும்னு யாருமே கேக்கல."

சொல்லிட்டு எழுந்து போயிட்டா. ராத்திரி முழுக்கப் பேசல.

எங்களுக்கு இந்த விஷயத்தை எடுத்துச் செய்ற ரோட்டரிக்காரர் பட்டுக்கோட்டைக்காரர். அடுத்த நாள் அவர்கிட்ட புலம்புனேன். அவர் சொன்னாரு: "நீங்க விசாரிக்க வேண்டியதை விசாரிக்கத்தான் எங்க ஆளுங்க இருக்காங்க. அதை அவங்களே முடிச்சுட்டாங்க. நீங்க பழகுங்க."

அது என்ன விசாரணைன்னு அப்பதான் முழுசாக் கேட்டேன். அவங்க வீட்டுக்கு நேர்ல போய்ப் பாத்திருக்காங்க. புள்ள தூங்கப் போற அறை, குளியலறை, எல்லாம். வீட்டுல இருக்குற பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் போலீஸ் சான்று. ஜெர்மனியில புள்ளைங்களோட பழகுறவங்களுக்குன்னே தனியா ஒரு விரிவான சான்று உண்டு, அதை வாங்கணும். அந்த வீட்டுல ஒரு பையன் இருக்கான். அப்பதான் 18 முடிஞ்சிருந்துச்சு. அவனும் தன் பேர்ல வாங்கிக் கொடுத்திருக்கான்.

அதுபோக, அந்தக் குடும்பத்தைச் சேராத ஒரு பொறுப்பாளர் அந்த ஊர்லயே எங்க பொண்ணுக்குன்னு உண்டு. அந்த வீட்டுல சொல்ல முடியாததை அவங்ககிட்ட சொல்லலாம். இதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

(உங்க புள்ள அமெரிக்காவுக்குப் போகுதுன்னா, பள்ளிக்கூடப் பரிமாற்றத்துல போற புள்ளைங்களுக்கு அங்க அரசாங்கமே விதி வச்சிருக்கு. வீட்டுல வச்சே நேர்காணல், 18 வயசு தாண்டின எல்லாருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை, வெளியாள் ரெண்டு பேரோட சாட்சி, வீட்டோட போட்டோ, புள்ளைக்குன்னு தனிக் கட்டில். காத்தடிக்கிற மெத்தையெல்லாம் செல்லாது. ஒவ்வொண்ணும் நடந்துச்சான்னு கூச்சப்படாமக் கேளுங்க. கேக்குறது பெத்தவங்க உரிமை.)

இதே சோதனை எங்க வீட்டுக்கும் வந்துச்சு. அதுதான் நான் எதிர்பார்க்காதது.

ரெண்டு பேர் வந்தாங்க. கூடம், மாடி அறை, கக்கூஸ், குழாய்த்தண்ணி, தாழ்ப்பாள். தாழ்ப்பாளை ரெண்டு தடவை போட்டுப் பாத்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ஆயிடுச்சு. நம்ம வீட்டையேவான்னு. அப்புறம் சமையக்கட்டுல டீ ஆத்தும்போது தோணிச்சு: அங்க ஒரு அம்மா இந்தத் தாழ்ப்பாளை நெனச்சுத்தான் ராத்திரி தூங்காம இருப்பா.

ரெண்டு நாள் கழிச்சு அந்த அம்மாகிட்ட இருந்து ஒரு நீளமான கடிதம் வந்துச்சு. மொழிபெயர்ப்புச் செயலியில போட்டு தமிழாக்கி அனுப்பியிருந்தாங்க. அங்கங்க தமிழ் தடுமாறுது. ஆனா கேள்வி ஒவ்வொண்ணும் நேரா நெஞ்சுல வந்து விழுந்துச்சு.

உங்க பொண்ணுக்குக் கோவம் வந்தா பேசுவாளா, பேசாம இருப்பாளா?

காய்ச்சல் வந்தா என்ன சாப்பிடுவா?

இருட்டுல தூங்குவாளா, விளக்கு வேணுமா?

வீட்டு ஞாபகம் வந்துட்டா அவளைத் தனியா விடணுமா, பக்கத்துல உக்காரணுமா?

அவ பசிக்குதுன்னு தானாக் கேப்பாளா? இல்ல நாங்க மூணு தடவை கேட்டாத்தான் சாப்பிடுவாளா?

கடைசிக் கேள்வியைப் படிச்சுட்டு அழுதுட்டேன். நம்ம ஊர்ப் புள்ளைங்க அடுத்த வீட்டுல "வேணாம்"னுதான் சொல்லும். நாம அப்படித்தான் வளத்திருக்கோம். மூணாவது தடவை கேட்டாத்தான் தட்டை நீட்டும். அங்க ஒரு தடவை வேணாம்னு சொன்னா எடுத்து உள்ள வச்சுடுவாங்களாம், அது அவங்க மரியாதை. இதை எந்த டீக்கடையில விசாரிச்சு நான் தெரிஞ்சிக்கிறது?

உக்காந்து பதில் எழுதுனேன். கோவம் வந்தா பேசமாட்டா, அலமாரியை இழுத்துப்போட்டு அடுக்குவா. அடுக்கி முடியுற வரைக்கும் விட்டுடுங்க. காய்ச்சல்னா கஞ்சியும் பூண்டுத் துவையலும். (பூண்டு அங்கயும் கிடைக்குதாம், நல்லவேளை.) விளக்கு வேணாம், ஆனா கதவு லேசாத் திறந்திருக்கணும். மூணு தடவை கேளுங்க. தயவுசெஞ்சு மூணு தடவை கேளுங்க.

அப்புறம் அதே கேள்விகளை அவங்க பொண்ணைப் பத்தி நானும் கேட்டேன். இப்படித்தான் அந்த வீடு எனக்குத் தெரிய ஆரம்பிச்சது.

இனி கஷ்டமான விஷயங்களுக்கு வரேன்.

சாப்பாடு. அவங்க பன்னிக்கறி சாப்பிடுறவங்க. அந்தப் பக்கம் முழுக்கப் பன்னிப் பண்ணைதான். அவங்க பெரியப்பாவுக்கே ஒரு பண்ணை இருக்கு. அதை மறைக்காம அவங்களே முதல்ல சொன்னாங்க. எங்க அம்மா (புள்ளைங்களுக்கு நன்னி) அன்னைக்கு முழுக்க யார்கிட்டயும் சரியாப் பேசல. பதிலை நான் எழுதல, எங்க பொண்ணே எழுதுனா: "நீங்க சாப்பிடுறதுல எனக்கு ஒண்ணுமில்ல. எனக்குன்னு ஒரு சட்டியும் ஒரு கரண்டியும் தனியா இருந்தா போதும். ஹலால் கிடைக்கலன்னா முட்டையும் காய்கறியும் சாப்பிட்டுக்குவேன்." மறுநாளே கடையில புதுச் சட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு போட்டோ அனுப்பியிருந்தா. கூடவே ஒரு துருக்கிக் கறிக்கடை போட்டோ. ஜெர்மனி 1961ல துருக்கியோட ஒப்பந்தம் போட்டு வேலைக்கு ஆள் கூப்பிட்டுச்சு. அப்படிப் போன குடும்பங்கள் அங்கயே தங்கிடுச்சு. அதனால நிறைய ஊர்ல ஹலால் கறிக்கடை இருக்கு. நன்னிகிட்ட இதைச் சொன்னதும், "அப்ப அவங்களும் சபுர் வந்தவங்கதானா"ன்னு கேட்டாங்க. முகம் கொஞ்சம் தெளிஞ்சுது.

சபுர், அதாவது பொழப்புக்கு வெளிநாடு போறதுன்னா நம்ம பக்கம் யாருக்கும் விளக்கம் வேணாம். எங்க நன்னா (அம்மாவோட அப்பா) மலாயா போனவங்க. மச்சான் பதினாலு வருசம் சவுதியில இருந்துட்டு வந்து இப்ப இங்க ஹார்டுவேர் கடை வச்சிருக்காங்க. ஒரு நாள் மச்சான் சொன்னாங்க: "நான் தம்மாம்ல போய் இறங்குனப்ப ஒரே ரூம்ல எட்டுப் பேர். அவங்க யாரு எவருன்னு என்னைக் கேட்டும் அனுப்பல, எனக்கும் தெரியாது. மொத மாசம் நான் பட்டது உங்க யாருக்கும் நான் சொல்லல. இவளுக்கு ரெண்டு பக்கமும் பாத்துப் பாத்து அனுப்புறோம்ல, அதுவே எனக்கு நிம்மதி."

இத்தனை வருசத்துல அதை அவங்க சொன்னது அதுதான் முதல் தடவை.

நாய். அந்த வீட்டுல பெரிய நாய் ஒண்ணு உண்டு. வீட்டுக்குள்ளயேதான் இருக்கும். எச்சில் பட்டா நமக்குத் தொழுகைக்கு ஆகாது, கழுவணும். இதை எப்படிச் சொல்றது, மனசு நோகுமேன்னு நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில சொன்னப்ப, "ஓ, அவ அறைக்குள்ள நாய் வராது, கதவுல ஒரு சின்னத் தட்டி வச்சுடுறோம்"னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. தொழுகையைப் பத்தி அந்த அம்மாவே ஒண்ணு தேடிப் படிச்சுட்டுக் கேட்டாங்க. மே கடைசியில அங்க சூரியன் அடையவே ராத்திரி ஒம்பதரை ஆகும். அப்ப இஷா தொழுகை பதினொண்ணுக்கு மேல போயிடும். காலையில அஞ்சேகாலுக்கெல்லாம் விடிஞ்சுடும். அப்ப இவ எப்ப தூங்குவா? பள்ளிக்கூடத்துக்கு எப்படி எழுந்திருப்பா?

எனக்கு அது தோணவே இல்ல. நம்ம ஊர்ல வருசம் பூரா ஆறு, ஆறரைக்குப் பொழுது சாஞ்சுடும். என் புள்ளையோட தூக்கத்தைப் பத்தி எனக்கு முன்னாடி இன்னொரு அம்மா கவலைப்பட்டிருக்காங்க.

அப்புறம் அந்த 18 வயசுப் பையன். இதைச் சுத்தி வளைக்காமக் கேக்கணும்னு முடிவு பண்ணுனேன். "எங்க வீட்டுல வெளி ஆம்பளைங்க இருக்குற இடத்துல பொண்ணு தனியா இருக்க மாட்டா. உங்க வீட்டுல எப்படி?"ன்னு எழுதுனேன். பதில் அந்தப் பையனோட அப்பா எழுதுனாரு. அவன் அறை மேல் மாடியில. பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் கீழ, பாட்டி அறைக்குப் பக்கத்துல. குளியலறை தனி. பெரியவங்க யாராவது இல்லாம வீட்டுல விட மாட்டோம். ரோட்டரியும் புள்ளைங்களுக்கு நாலு தடை போட்டிருக்கு: வண்டி ஓட்டக்கூடாது, குடி, போதை கூடாது, காதல் கீதல் கூடாது. "அதை நாங்களும் காப்பாத்துவோம்"னு கடைசி வரி. நன்னிக்கு அதை நாலு தடவை படிச்சுக் காட்டினேன்.

இன்னொண்ணும் செஞ்சு வச்சிருக்கேன். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா ஏதாவது நடந்தா, அவ எனக்கு "நன்னி முட்டி வலி எப்படி இருக்கு?"ன்னு கேக்கணும். வேற எதுவும் விளக்க வேணாம். அடுத்த நிமிசம் நான் பொறுப்பாளருக்குப் போன் அடிப்பேன். தமிழ்லதானே பேசப்போறோம், எதுக்குக் குறிச்சொல்லுன்னு கேட்டா. சில விஷயம் தாய்மொழியிலதான் சொல்ல முடியாம நிக்கும். அது எனக்குத் தெரியும்.

நம்ம பக்கத்து உண்மையையும் சொல்லணும்ல?

விருந்தாளி வரப்போறான்னா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் காட்டுறது நம்ம பழக்கம். நான் அதைச் செய்யல. கொசு இருக்கும்னு சொன்னேன். காலையில பாங்கு சத்தத்துல முழிப்பு வந்துடும். கரண்டு போகும். கடைத்தெருவுக்குத் தனியா நடந்தா ஊரே பாக்கும், அதனால கூட ஒரு ஆள் வரும். முட்டிக்கு மேல ஏறுன உடுப்பு வேணாம். இதைப் படிச்சு எங்க பொண்ணு, "அம்மா, பயமுறுத்தாதீங்க, வராமலே போயிடப் போறா"ன்னா. வந்துட்டு அழுறதுக்கு, தெரிஞ்சுக்கிட்டு வராம இருக்கலாம்.

வெள்ளம் வருமான்னு கேட்டாங்க. இணையத்துல கஜா புயல் படம் பாத்துட்டாங்க. 2018 நவம்பர் 16 விடிகாலை அது வேதாரண்யம் பக்கம் கரையேறுனப்ப நாங்க ஆறு பேரும் கட்டிலுக்கு அடியில கெடந்ததையும், விடிஞ்சு பாத்தா தென்னந்தோப்பு முழுக்கப் படுத்துக் கெடந்ததையும் எழுதுனேன். புயல் எங்களுக்கு வடகிழக்குப் பருவத்துல, அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ளதான். ஜூலையில வந்தா மேட்டூர்ல திறந்த தண்ணி எங்க கடைமடைக்கு வந்துச்சா வரலயான்னு ஊரே பேசிக்கிட்டு இருக்குறதைப் பாக்கலாம். கோரையாத்துல படகேறி அலையாத்திக் காட்டுக்கும் லகூனுக்கும் கூட்டிட்டுப் போறோம். தமிழ்நாட்டுலயே பெரிய அலையாத்திக் காடு எங்க ஊர்ல இருக்குன்னு பெருமையா ஒரு வரி சேத்துக்கிட்டேன். அவங்க ஊரும் நம்ம டெல்டா மாதிரியே மலை இல்லாத சமவெளிதானாம்.

புள்ளைங்க ரெண்டும் தனியா ஒரு வேலை பண்ணுச்சுங்க. சுற்றுலா வீடியோ வேணாம், சாதாரணச் செவ்வாக்கிழமை ஒண்ணை எடுத்து அனுப்பிக்கலாம்னு. அதுல பாத்தோம், அவங்க ராத்திரிக்கு அடுப்பே பத்த வைக்கல. ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய். அதுதான் ராச்சாப்பாடு. சூடா சாப்பிடுறது பெரும்பாலும் மத்தியானம்தான். "பாவம், அவங்க அம்மாவுக்கு ஒடம்பு முடியலயோ"ன்னாங்க நன்னி. அங்க அதுதான் வழக்கம்னு சொல்லி நம்ப வைக்க நேரமாச்சு. எங்க வீடியோவுல அவங்க பிரமிச்சது இடியாப்ப உரலு. அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டா: "எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிடுறப்ப, நான் தனித்தட்டு கேட்டா உங்க பாட்டி வருத்தப்படுவாங்களா?" நன்னி உடனே, "தனித்தட்டு என்ன, தனிச் சஹனே வைக்கிறேன்"னுட்டாங்க.

எனக்கு மனசு முழுசா எறங்குனது அந்த வீட்டுப் பாட்டிகிட்டதான். எண்பதை நெருங்குறாங்க. ஜெர்மனியும் பிரான்சும் ஒண்ணையொண்ணு கொன்னு குவிச்ச நாடுங்க. போர் முடிஞ்சு 1963 ஜனவரியில ரெண்டும் எலிசே ஒப்பந்தம் போட்டுச்சு. அதே வருசம் ரெண்டு நாட்டுப் புள்ளைங்களையும் மாத்தி மாத்தி அனுப்புறதுக்குன்னே ஒரு அலுவலகம் திறந்தாங்க. இன்னைக்கு வரைக்கும் 90 லட்சத்துக்கும் மேல புள்ளைங்க போய் வந்திருக்கு. அப்படி ஆரம்பத்துல போனவங்கள்ல இந்தப் பாட்டியும் ஒருத்தர். "எங்க அப்பா துப்பாக்கியோட போன நாட்டுக்கு நான் ஒரு பெட்டியோட போனேன். அந்த வீட்டுப் பெரியவருக்குப் போர்ல ஒரு கை போயிருந்துச்சு. மொத நாள் ராத்திரி அவர்தான் எனக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்தாரு"ன்னு சொன்னாங்க. பேத்தி மொழிபெயர்த்தா, எங்க பொண்ணு தமிழ்ல சொன்னா. கூடம் சத்தமில்லாம இருந்துச்சு. நன்னி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "ஒரு கையால எப்படி வெட்டுனாரு?" அந்தப் பாட்டி ரொட்டியை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக் காட்டினாங்க.

விசா முடிஞ்சுது. (மைனர்ங்கிறதால அப்பா அம்மா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். நேரத்தோட ஆரம்பிச்சுடுங்க.) பெட்டி பாதி அடுக்கியாச்சு.

நேத்து ராத்திரி அந்தப் பாட்டிகிட்ட இருந்து ஒரு சேதி. வீட்டுக்குள்ள போட்டுக்க விருந்தாளிக்குக் கம்பளிச் செருப்பு கொடுக்குறது அவங்க வழக்கமாம். தானே பின்னப் போறாங்களாம். கால் அளவு என்ன?

எங்க பொண்ணு நம்பர் அடிக்கப் போனா. நன்னி தடுத்துட்டாங்க. நன்னா மலாயாவுல இருந்தப்ப, செருப்பு வாங்கி அனுப்பணும்னா காலைத் தாள்ல வச்சு வரைஞ்சு கடுதாசிக்குள்ள வச்சுத்தான் அனுப்புவாங்க. எங்க அம்மா காலு, எங்க மாமா காலு எல்லாம் அப்படிக் கப்பல் ஏறிப் போயிருக்கு.

கணக்கு நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சுக் கூடத்துத் தரையில போட்டோம். அவ நின்னா. நன்னி முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல உக்காந்து, பென்சிலால ஒவ்வொரு விரலாச் சுத்திக் கோடு போட்டாங்க. போட்டோ எடுத்து அனுப்பிட்டோம்.

காலையில பதிலுக்கு ஒரு தாள் வந்திருக்கு. அந்தப் பொண்ணோட காலு. நன்னி பஜாருக்குக் கெளம்பிட்டாங்க.